புதுப் பதிப்பு தன்னை நிரூபிக்கட்டும்

கணக்கு மென்பொருளில் புதிய பதிப்பு வந்தால் யோசிக்காமல் மாறிவிட வேண்டும் என்பது இன்று கடைவீதியின் வேதவாக்கு. டீலர் அதைத்தான் சொல்கிறார். ஆடிட்டர் அலுவலகத்தில் ரிட்டர்ன் போடும் பையனும் அதையே சொல்கிறான். "அப்டேட் பண்ணிடுங்க சார், ஃப்ரீதான், பத்து நிமிஷ வேலை." மாறாமல் இருப்பவருக்குக் கஞ்சன், பழம்பஞ்சாங்கம், நாளைக்கே நோட்டீஸ் வாங்கப்போகிறவர் என்று பட்டங்கள் வேறு.

அவர்கள் வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். வரிச் சட்டம் ஓயாமல் மாறுகிறது, படிவங்கள் மாறுகின்றன, விகிதங்கள் மாறுகின்றன. பழைய பதிப்பில் உட்கார்ந்திருப்பவரின் கணக்கு சட்டத்தை விட்டு மெல்ல விலகிக்கொண்டே போகும். சந்தாவும் கட்டியாகிவிட்டது, புதிய ரிலீஸுக்குத் தனியாகக் காசு கிடையாது. பிறகு என்ன தயக்கம்? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் 'சட்டம்' என்று சொல்லப்படுவதில் பாதி சட்டமே அல்ல. 'இலவசம்' என்று சொல்லப்படுவது இலவசமும் அல்ல.

தமிழ்நாட்டின் சிறு வணிகத்தில் கணக்கு மென்பொருள் என்றால் பெரும்பாலும் டேலிதான். 1986இல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத் கோயங்காவும் பெங்களூரில் தொடங்கிய தொழில் அது. பி.காம். முடித்த பிள்ளையிடம் "டேலி தெரியுமா?" என்று கேட்காத முதலாளி இங்கே அபூர்வம். 7.2, 9, பிறகு 2009இல் ஈ.ஆர்.பி. 9, 2020 நவம்பரில் டேலிபிரைம் என்று பதிப்புகள் வந்துகொண்டே இருந்தன. இந்த நீண்ட காலத்தில் கடைக்காரருக்கு வேறு வழியே இல்லாமல் போன தருணங்கள் இரண்டுதான். 2005இல் பல மாநிலங்கள் வாட் வரிக்குப் போனபோது ஒதுங்கி நின்ற தமிழ்நாடு, 2007 ஜனவரி 1 அன்று அதற்குள் வந்தது. அது முதல் தருணம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது இரண்டாவது. அந்த இரண்டு முறையும் வரியின் எலும்புக்கூடே மாறியது. மாநில வரி, மத்திய வரி, வெளிமாநில வரி என்று பில்லின் அடிப்பகுதியே புதிதாக எழுதப்பட்டபோது பழைய மென்பொருளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மாறியவர்கள் சரியாகவே செய்தார்கள். கோளாறு என்னவென்றால், அந்த இரண்டு தருணங்களின் அவசரத்தை இன்று வருகிற ஒவ்வொரு ரிலீஸுக்கும் கடன் வாங்குகிறார்கள்.

அண்மை உதாரணம் ஒன்று. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாற்றி அடுக்கப்பட்டன. 12, 28 சதவீத அடுக்குகள் போய், பெரும்பாலான சரக்குகள் 5க்கும் 18க்கும் வந்தன. ஆயத்த ஆடையில் ஒரு உருப்படி 1,000 ரூபாய் வரை 5 சதவீதம் என்று இருந்த வரம்பு 2,500 ஆனது. அதைத் தாண்டினால் 12 அல்ல, 18. சட்டம் மாறியதா? மாறியது. புதிய பதிப்பு இல்லாமல் பில் போட முடியாதா? தாராளமாக முடியும். ஜி.எஸ்.டி. வந்த காலத்துப் பதிப்பிலேயே பொருளின் மாஸ்டரில் புதிய விகிதத்தையும் அது அமலாகும் தேதியையும் குறிக்க இடம் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பு போட்ட பில் பழைய விகிதத்தில் நிற்கும், அடுத்தது புதிய விகிதத்தில் வரும். அந்த வாரம் திருப்பூர்க் கடைக்கு உண்மையில் வேண்டியிருந்தது, எந்தச் சரக்கு எந்த அடுக்கில் விழுகிறது என்று தெரிந்த ஒரு கணக்கர். எந்த ரிலீஸும் அந்த அறிவைத் தராது. விகிதம் தவறாகக் குறிக்கப்பட்ட மாஸ்டர், ஆகப் புதிய பதிப்பிலும் தவறான பில்லைத்தான் அடிக்கும்.

இ-இன்வாய்ஸ் கதையும் இதேதான். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. 2021 ஜனவரியில் 100 கோடி, அதே ஆண்டு ஏப்ரலில் 50, 2022 ஏப்ரலில் 20, அக்டோபரில் 10, 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று வலை இறங்கி வந்தது. வலைக்குள் வந்தவருக்குப் பில் போடும் இடத்திலிருந்தே ஐ.ஆர்.என். எண்ணும் க்யூ.ஆர். குறியும் வாங்கித் தரும் பதிப்பு பெரிய வசதி. நாளுக்கு நாற்பது பில் போடுகிறவர் அரசுத் தளத்தில் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. அவர் மாறியே ஆக வேண்டும். ஆனால் ஒன்றரைக் கோடி விற்றுமுதல் உள்ள மளிகை மொத்த வியாபாரியிடம் போய் "இ-இன்வாய்ஸ் கட்டாயம் சார், பதிப்பை மாத்துங்க" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? வரம்பு நாளைக்கு அவர் வரைக்கும் இறங்கலாம்தான். இறங்கினால் அரசாணை வரும், அதில் தேதி இருக்கும். மாற வேண்டிய நாளை அந்தத் தேதிதான் தீர்மானிக்க வேண்டும்.

பயமுறுத்தலில் இன்று முதலிடம் 'எடிட் லாக்'குக்கு. கணக்கில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற பதிவு அது. கம்பெனிகள் கணக்கு விதிகளில் சேர்க்கப்பட்டு, இரண்டு முறை தள்ளிவைக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அணைக்க முடியாத எடிட் லாக் உள்ள மென்பொருளில்தான் கம்பெனிகள் கணக்கு வைக்க வேண்டும். அப்படி வைத்தார்களா என்று தணிக்கையாளர் அறிக்கையிலும் எழுத வேண்டும். இது கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களுக்கு. தனிநபர் உரிமையில் நடக்கும் கடைக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் இந்த விதி பொருந்தாது. ஆனாலும் பாத்திரக் கடைக்கும் பருப்பு மண்டிக்கும் இதைக் காட்டித்தான் புதிய பதிப்பு விற்கப்பட்டது.

இங்கே டீலர்களுக்கு நானே ஒரு ஆயுதம் எடுத்துத் தருகிறேன், ஏனென்றால் அவர்கள் தப்பான சட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. விதிகளில் 56ஆம் விதி, எட்டாம் உட்பிரிவு: கணக்கை மின்னணு முறையில் வைத்திருப்பவர், திருத்தப்பட்ட, நீக்கப்பட்ட ஒவ்வொரு பதிவுக்கும் குறிப்பு வைத்திருக்க வேண்டும். இது கம்பெனிக்கு மட்டும் அல்ல, ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற எல்லாருக்கும். 2017 முதலே இருக்கிறது. ஆகவே திருத்த வரலாறு எதுவும் தராத பழைய பதிப்பில் இருக்கிறவருக்கு மாற ஒரு நேர்மையான காரணம் உண்டு. அவருக்கு நான் மாறுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் எடிட் லாக் உள்ள பதிப்புக்கு ஒரு முறை வந்துவிட்டால் அந்தக் காரணம் தீர்ந்தது. அதற்கு அடுத்த ரிலீஸுக்கும் அதற்கடுத்ததற்கும் அதே காரணத்தைத் தூசி தட்டிக் கொண்டுவரக் கூடாது.

'ஃப்ரீதான்' என்ற சொல்லுக்கு வருவோம். சந்தா நடப்பில் இருந்தால் ரிலீஸுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் கடையில் பில் போடுகிறவர் திரையைப் பார்த்து வேலை செய்வதில்லை. அவருடைய விரல்கள் வேலை செய்கின்றன. கண்கள் பார்ட்டியின் முகத்திலோ சரக்குச் சீட்டிலோ இருக்கும். பதினைந்து வருடம் கிரெடிட் நோட்டுக்குக் கன்ட்ரோலையும் எஃப்8ஐயும் அழுத்திப் பழகிய கை அது. டேலிபிரைமில் அது ஆல்ட், எஃப்6. டெபிட் நோட் கன்ட்ரோல் எஃப்9இலிருந்து ஆல்ட் எஃப்5க்குப் போய்விட்டது. மெனுவில் படிப்படியாக இறங்கி அறிக்கைகளைத் தேடும் பழக்கத்துக்குப் பதில் 'கோ டு' என்று தேடிப் போகும் முறை வந்தது. புதிதாகக் கற்பவருக்கு இது எளிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடையில் இருப்பவர் புதிதாகக் கற்பவர் இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் கல்லாவில் பத்துப் பேர் நிற்கும்போது, ஐம்பது வயதுக் கணக்கர் ஒரு சாவிக்காகத் திரையைத் துழாவிக்கொண்டிருப்பதன் விலையை எந்த விலைப்பட்டியலிலும் காணோம்.

இன்னொரு செலவு, கடைக்கென்று டேலியின் சொந்த நிரல்மொழியில் எழுதி வாங்கிய டி.டி.எல். துண்டுகள். சாயப்பட்டறையின் ஜாப் ஒர்க் பில்லில் லாட் எண் வர வேண்டும், நூல் கடையில் பேல் கணக்கும் கிலோவும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும், சிவகாசி அச்சகத்துக்குத் தாள் அளவு வர வேண்டும். இவற்றை உள்ளூர்ப் பையன் ஒருவன் எப்போதோ எழுதிக் கொடுத்திருப்பான். இப்போது அவன் சென்னையிலோ பெங்களூரிலோ வேறு வேலையில் இருப்பான். புதிய ரிலீஸில் அந்தத் துண்டு ஓடுமா என்பதற்கு டீலரிடம் பதில் இருக்காது. ஓடாது என்று மாறிய பிறகு தெரிந்தால், திரும்ப எழுத யாரையாவது தேட வேண்டும். அதுவரை பில்லில் லாட் எண்ணைப் பேனாவால் எழுத வேண்டும்.

ஆனாலும் இவையெல்லாம் சில வாரத் தொல்லைகள், சமாளித்துவிடலாம். என் முக்கியமான எதிர்ப்பு வேறு: பாதி மாற்றங்களில் திரும்பி வரும் வழி கிடையாது. டேலிபிரைம் 3.0 வந்தபோது தரவின் அமைப்பே மாறியது. பழைய கம்பெனித் தரவை அதில் ஏற்றிவிட்டால், அந்தத் தரவை மறுபடி பழைய பதிப்பில் திறக்க முடியாது. மாறும் முன் எடுத்த பேக்கப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் மாறியபின் பத்து நாள் பில் போட்டுவிட்டுப் பதினோராம் நாள் பிடிக்கவில்லை என்றால், அந்தப் பத்து நாள் பில்லையும் ரசீதையும் கொள்முதலையும் பழையதில் திரும்ப அடிக்க வேண்டும். யார் அடிப்பார்கள்? யாரும் மாட்டார்கள். பிடிக்காமலே தொடர்வார்கள். பத்து நிமிட வேலை என்று சொன்னவர் இந்தப் பதினோராம் நாளைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. புதிய பதிப்பு உள்ளே வந்ததும் பழைய பதிவுகளைத் தன் புதிய விதிகளின்படி மீண்டும் சோதிக்கும். ஹெச்.எஸ்.என். குறையாக உள்ளது, பார்ட்டியின் மாநிலம் இல்லை, விகிதம் பொருந்தவில்லை என்று திருத்த வேண்டியவற்றின் பட்டியலை நீட்டும். எப்போதோ ரிட்டர்ன் போட்டு முடித்த மாதங்களும் அதில் வரும். பட்டியலைக் காலி செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் கணக்கர் உட்கார்ந்து பழைய வவுச்சர்களைத் திருத்தத் தொடங்குகிறார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அரசுத் தளத்தில் இருக்கும் ஜி.எஸ்.டி.ஆர்-1 ஒரு தொகை சொல்கிறது, கடைக் கணக்கு வேறு தொகை சொல்கிறது. இரண்டு வருடம் கழித்து அதிகாரி வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டால், "பதிப்பு மாத்தினோம் சார்" என்பது விளக்கம் ஆகாது. எடிட் லாக் இருந்தால் அந்தத் திருத்தங்களும் தேதியோடு அங்கேயே உட்கார்ந்திருக்கும்!

பாதுகாப்பு என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. பழைய பதிப்பு ஓட்டை, புதியது பத்திரம் என்கிறார்கள். உக்ரைனில் 2017இல் நடந்ததை இவர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டும். எம்.ஈ.டாக் என்பது அங்கே பெரும்பாலான நிறுவனங்கள் வரிக் கணக்கு அனுப்பப் பயன்படுத்திய மென்பொருள். அதன் அப்டேட் சர்வருக்குள் புகுந்தவர்கள், ஏப்ரல் மாதம் முதலே அப்டேட்டோடு கள்ளக் கதவு ஒன்றையும் சேர்த்து அனுப்பினார்கள். ஜூன் 27 அன்று அந்தக் கதவு வழியாக நாட்பெட்யா என்ற அழிப்பு நிரல் இறங்கியது. ஒழுங்காக அப்டேட் செய்துகொண்டிருந்தவர்கள்தான் முதலில் விழுந்தார்கள். டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு ஆன இழப்பு மட்டும் 30 கோடி டாலர் வரை.

இந்தக் கதையைப் பாதியில் நிறுத்தினால் நான் நேர்மையற்றவன். அந்த நிரல் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவப் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அதற்கு மூன்று மாதம் முன்பே, மார்ச்சில், அடைத்துக் கொடுத்திருந்தது. விண்டோஸை அப்டேட் செய்யாதவர்களிடம் அது எளிதாகப் பரவியது. ஆக, விண்டோஸுக்கு வரும் பாதுகாப்பு ஒட்டும் கணக்கு மென்பொருளுக்கு வரும் புதிய பதிப்பும் ஒன்று அல்ல. முன்னதில் தாமதம் கூடாது. பின்னதில் அவசரம் கூடாது. நம் ஊரில் நடப்பது நேர்தலைகீழ். 2020 ஜனவரியோடு ஆதரவு நின்றுபோன விண்டோஸ் 7இலேயே இன்னும் ஓடும் கணினியில், கணக்கு மென்பொருளை மட்டும் ஆகப் புதிதாக வைத்துக்கொண்டு பத்திரமாக இருப்பதாக நினைக்கிறார்கள். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்தது. பாதுகாப்பில் உண்மையிலேயே அக்கறை உள்ள டீலர் முதலில் அதைப் பற்றிப் பேசுவார்.

இவ்வளவு சொன்னதால், "ஓடுற வண்டியை ஏன் நோண்டணும்" என்ற கட்சியில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். அந்தக் கட்சியில் பாதிப் பேர் மாறாததற்குக் காரணம் தத்துவம் அல்ல, வைத்திருப்பது கிராக் காப்பி. மாறினால் மாட்டிக்கொள்வார்கள். எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத நிரலில் மொத்தக் கொடுக்கல் வாங்கலையும் வைத்துவிட்டு, பழையதே பொன் என்று பேசுவது வேடிக்கை. அவர்கள் முதலில் உரிமம் வாங்கட்டும், பதிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். மேலும், நாம் பயன்படுத்தும் ஒரு வசதியில் கணக்கீட்டுப் பிழை இருந்து, புதிய ரிலீஸ் அதைச் சரிசெய்கிறது என்றால் அன்றே மாறுவதுதான் சரி. நான் மறுப்பது மாறுவதை அல்ல. கேள்வி கேட்காமல் மாறுவதை.

இணையத்திலேயே ஓடும் கணக்கு மென்பொருளில் இந்தத் தலைவலியே இல்லையே என்று கேட்கலாம். சென்னையிலிருந்து வளர்ந்த ஜோஹோவின் புக்ஸ் போன்றவற்றில் பதிப்பு என்ற பேச்சே கிடையாது. காலையில் திறந்தால் புதியது இருக்கும். உண்மைதான், அங்கே தலைவலி இல்லை, ஏனென்றால் முடிவெடுக்கும் உரிமையும் நம்மிடம் இல்லை. பலருக்கு அது நல்ல பேரமாகவே இருக்கலாம். ஆனால் பேரத்தின் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். குவிக்புக்ஸின் உரிமையாளரான இன்ட்யூட் நிறுவனம் இந்தியாவில் அந்தச் சேவையை 2023 ஜனவரி கடைசியோடு நிறுத்தியது. நிதியாண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது பயனர்கள் தரவை இறக்கிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. நம் கணினியில் நிறுவிய பதிப்பை யாரும் அப்படி ஒரு தேதி குறித்து மூடிவிட முடியாது. பழைய பதிப்பைக் கேலி செய்பவர்கள் இந்த ஒரு பலத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

சரி, எப்போதுதான் மாறுவது? ஏப்ரல் 1 நல்ல நாள், புதுக் கணக்கு, புதுப் பதிப்பு என்று ஒரு வழக்கம் உண்டு. எனக்குத் தெரிந்து அதைவிட மோசமான நாள் இல்லை. ஏப்ரலில் கணக்கர் இரண்டு ஆண்டுகளில் ஒரே சமயம் வேலை செய்கிறார். மார்ச் கடைசி நாளின் கொள்முதல் பில்கள் அப்போதுதான் வந்து சேரும், பேங்க் ஸ்டேட்மென்ட் ஒத்துப் பார்க்க வேண்டும், சரக்கிருப்பு எண்ண வேண்டும். அதன் நடுவில் காலடியில் தரையை உருவுவது கணக்கருக்குச் செய்யும் கொடுமை. ஜி.எஸ்.டி.ஆர்-3பி கட்டி முடிக்கும் 20ஆம் தேதிக்குப் பிறகு, பண்டிகை இல்லாத, காலாண்டு முடியாத ஒரு மாதத்தில் நான்கைந்து நாள் எப்படியும் கிடைக்கும்.

அப்போதும் கடைக் கணினியில் கை வைக்கக் கூடாது. வேறு ஒரு கணினியில் புதிய பதிப்பை நிறுவி, தரவின் நகலை அதில் ஏற்றி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ட்ரையல் பேலன்ஸ் பைசா வரை ஒத்துப்போகிறதா? பார்ட்டி வாரியான பாக்கி பில்பில்லாக நிற்கிறதா? க்ளோசிங் ஸ்டாக்கின் மதிப்பு அதேதானா? சென்ற மாத ஜி.எஸ்.டி.ஆர்-1ஐப் புதியதில் எடுத்தால், ஏற்கெனவே போட்டு முடித்ததன் தொகைதான் வருகிறதா? டி.டி.எல். துண்டோடு ஒரு பில் அச்சாகிறதா? இவற்றுக்கு ஒரு பிற்பகல் போதும். கடையின் சொந்தத் தரவில் இந்தச் சோதனையில் தேறிய பதிப்பைப் பற்றி எனக்கு எந்த மறுப்பும் இல்லை. சோதனைக்கே நேரமில்லை என்று சொல்லும் டீலரிடம், மாறுவதற்கு மட்டும் எங்கிருந்து நேரம் வந்தது என்று கேட்கலாம்.

பழையதை என்ன செய்வது என்பதும் இந்த முடிவின் பகுதி. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டறிக்கை போட வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. கம்பெனிகளுக்கு எட்டு ஆண்டு. 2017-18ஆம் ஆண்டின் அறிக்கைக்குத் தேதி தள்ளித் தள்ளி 2020 பிப்ரவரி வரை போனது. அதனால் அந்த முதல் ஆண்டுக் கணக்கை மட்டுமே 2026 பிப்ரவரி வரை பாதுகாக்க வேண்டியிருந்தது. வழக்கு, மேல்முறையீடு இருந்தால் இன்னும் நீளும். அத்தனை காலமும் அந்தக் கணக்கைத் திறக்கக்கூடிய பதிப்பும், அதை நிறுவும் கோப்பும், மாறுவதற்கு முதல் நாள் எடுத்த பேக்கப்பும் ஒரு தனி ஹார்டு டிஸ்க்கில் இருக்க வேண்டும். அடுத்த முறை "அப்டேட் பண்ணிடலாமா சார்" என்று கேட்டு வருகிறவரிடம், அந்த டிஸ்க்கை எடுத்துவைத்த பிறகு மவுஸைத் தொடச் சொல்லுங்கள். கூடவே, இந்த ரிலீஸின் குறிப்பில் நம் கடையைத் தொடும் வரி எது என்று விரல் வைத்துக் காட்டவும் சொல்லுங்கள்.